பாக்டீரியாவுக்கும் பசிக்கும்: துத்தநாகம் குறைந்தால் மண்ணுக்குள் நடப்பது என்ன?

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார்:

'போடிமெட்டுச் சரிவில் ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டமும், அடிவாரத்தில் போடிக்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கர் நெல் வயலும் வைத்திருக்கிறேன். நடவு முடிந்து மூன்றாவது வாரம் நெல் இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளி வந்தது. துத்தநாகக் குறை என்றார்கள். உரக்கடையில், "ஜிங்க் சல்பேட்டெல்லாம் பழைய காலம்ணே. இந்தப் பாக்டீரியாவை ஊத்துங்க, அதுவே மண்ணுல இருந்து ஜிங்க் எடுத்துக் குடுக்கும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். வயலுக்கு இரண்டு முறை ஊற்றினேன். மிச்சத்தை ஏலத்துக்கும் ஊற்றினேன். ஏலம் பச்சையாக நிற்கிறது. நெல் தேறவே இல்லை. பாட்டில் போலியா? நான் ஏதும் தப்பு செய்துவிட்டேனா?'

இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை இது. காரணம், இதற்கான விடை பாட்டிலில் இல்லை. பாட்டிலுக்குள் இருக்கிற பாக்டீரியாவின் வயிற்றில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை கடையில் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் சுருக்கமான பதில். பாட்டில் போலியாக இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. துத்தநாகத்தைக் கரைக்கும் பாக்டீரியா நிஜமாகவே உண்டு. ஆனால் அது துத்தநாகத்தைக் கரைக்குமே தவிர, உண்டாக்காது. அதற்கே துத்தநாகம் தேவை. கிடைக்காதபோது அது முதலில் தன் வயிற்றைத்தான் பார்க்கும்.

ஒரே சொந்தக்காரர், இரண்டு மண்

போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைவதற்குள் மண் மாறிவிடுகிறது. மேலே ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களின் இலைச்சருகு மக்கிய கறுத்த மண். மழை அதிகம். அமிலத் தன்மை கொண்டது. கீழே மழை மறைவுப் பகுதி. பல வயல்களில் சுண்ணாம்பு கலந்த, காரத் தன்மை கொண்ட மண்.

துத்தநாகத்துக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. மண்ணின் கார-அமில நிலை, அதாவது பி.ஹெச், ஓர் எண் ஏறினால் மண் நீரில் கரைந்திருக்கும் துத்தநாகம் சுமார் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டு எண் ஏறினால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நிலத்தில் துத்தநாகம் இருக்கும், ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் நகை மாதிரி. வேர் தொட முடியாது.

நெல் வயலில் தொடர்ந்து தண்ணீர் கட்டி நிறுத்துவதும் துத்தநாகத்தை இன்னும் பூட்டிவிடுகிறது. ஆகவே அதே பாட்டில், அதே கை, அதே நாள் என்றாலும் மேலே ஒரு பலன், கீழே வேறொரு பலன் கிடைப்பதில் வியப்பில்லை. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏலம் பச்சையாக நிற்பதற்குப் பாக்டீரியாதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே முதலிலிருந்தே குறை இல்லாமல் இருந்திருக்கலாம்.

துருப்புள்ளிக்குப் பின்னால் ஒரு கதை

நெல்லில் வரும் இந்தத் துருப்புள்ளியை ஒரு காலத்தில் நோய் என்றே நினைத்தார்கள். வட இந்தியாவில் இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் அதற்குக் 'கைரா' என்று பெயர். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிர் நோயியல் வல்லுநராக இருந்த ஒய்.எல். நெனே, இது கிருமியால் வருவது அல்ல, துத்தநாகப் பற்றாக்குறையால் வருவது என்று 1966-ல் அறிவித்தார். ஜிங்க் சல்பேட்டுடன் சுண்ணாம்பு சேர்த்துத் தெளித்தபோது பயிர் மீண்டது. வயலில் விளையும் நெல்லில் துத்தநாகக் குறையை உலகுக்குக் காட்டிய முதல் கண்டுபிடிப்பு அது. நோய்க்கு மருந்து தேடப் போனவர், பசிக்குச் சோறு வேண்டும் என்று கண்டுபிடித்தார்.

இன்று தமிழ்நாட்டில் எடுக்கப்படும் மண் மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் துத்தநாகம் போதவில்லை. அதனால்தான் 'ஜிங்க்' என்ற சொல்லுக்குக் கடையில் இவ்வளவு மவுசு.

உள்ளே உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை

இனி பாக்டீரியாவுக்குள் போவோம். பாக்டீரியா ஒரே ஒரு செல்தான். அந்தச் செல்லுக்குள் நூற்றுக்கணக்கான புரதங்கள் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. ஒரு பாக்டீரியா செல் ஓடுவதற்குச் சுமார் 2 லட்சம் துத்தநாக அணுக்கள் தேவை. இதை அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஓஹாலரனின் குழு ஈ.கோலை பாக்டீரியாவில் அளந்து 2001-ல் வெளியிட்டது. அதைவிட வியப்பான செய்தியும் அந்த ஆய்வில் இருந்தது. அந்த 2 லட்சத்தில் சும்மா திரியும் அணு கணக்குப்படி ஒன்றுகூட இல்லை. அத்தனையும் ஏதாவது ஒரு புரதத்தின் கையில் இருக்கிறது. அவ்வளவு கறாரான கணக்கு.

அந்தக் கணக்கை எழுதுவது யார்? எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை இருப்பது போல, பாக்டீரியாவுக்குள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் 'ஸூர்'. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பாட்ஸர், ஹாண்ட்கே என்ற இருவர் 1998-ல் ஈ.கோலையில் இதைக் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவிலும் இதே வகைப் புரதம் கண்டறியப்பட்டது. ஆம், உரக்கடையில் பூஞ்சண நோய்க்கு என்று விற்கிறார்களே, அதே பேசில்லஸ் சப்டிலிஸ்தான்.

ஸூர் வேலை செய்யும் விதம் எளிமையானது. அதன் உடம்பில் துத்தநாகம் உட்கார ஓர் இடம் இருக்கிறது. செல்லுக்குள் துத்தநாகம் போதுமான அளவு இருந்தால் அந்த இடம் நிரம்பியிருக்கும். அப்போது ஸூர் கொள்முதல் நோட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, 'சரக்கு இருக்கு, வாங்க வேண்டாம்' என்று உட்கார்ந்துவிடும். அந்த நோட்டு என்பது டி.என்.ஏ. அதில் எழுதியிருக்கும் குறிப்புகள் மரபணுக்கள். ஸூர் மேலே உட்கார்ந்திருக்கும் வரை அந்தப் பக்கத்தை யாரும் படிக்க முடியாது.

துத்தநாகம் குறைந்தால் ஸூரின் கையிலிருந்தும் அது நழுவிவிடும். வெறுங்கையான ஸூரால் டி.என்.ஏ-வைப் பிடித்திருக்க முடியாது. எழுந்து நகர்ந்துவிடும். மூடிக் கிடந்த பக்கம் திறக்கும். அதிலுள்ள குறிப்புப்படி புதுப் புரதங்கள் தயாராகும். மரபணு வெளிப்பாடு என்று பாடப்புத்தகத்தில் சொல்வது இதைத்தான். மரபணு புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே இருந்த குறிப்பு திறக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

மழை பொய்த்த வருடத்தில் ஒரு குடும்பம்

எல்லாப் பக்கங்களும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. பேசில்லஸ் சப்டிலிஸில் அவை மூன்று கட்டமாகத் திறப்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஷின், ஹெல்மன் ஆகியோர் 2016-ல் காட்டினார்கள். மழை பொய்த்த வருடத்தில் நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதேதான்.

முதல் கட்டம், குதிரில் கை வைப்பது. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களின் சில பாகங்களில் துத்தநாகம் இருக்கிறது. ரைபோசோம்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அதுவே ஒரு சேமிப்பு. துத்தநாகம் தேவைப்படாத மாற்றுப் பாகத்தைத் தயாரித்துப் பழைய பாகத்தின் இடத்தில் பொருத்துகிறது பாக்டீரியா. கழன்று வந்த பாகத்திலிருந்து துத்தநாகம் வெளியே வருகிறது. செம்புப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பது போல.

இரண்டாம் கட்டம், வெளியே போய்த் தேடுவது. துத்தநாகத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று தயாராகிச் செல்லின் சவ்வில் அமர்கிறது. ஒரு பாகம் வெளியில் வரும் துத்தநாகத்தைப் பிடிக்கிறது. ஒரு பாகம் வழி விடுகிறது. இன்னொரு பாகம் அதற்கான ஆற்றலைக் கொடுக்கிறது. மிகக் குறைந்த அளவு இருந்தாலும் விடாமல் பிடிக்கும் பம்பு இது.

மூன்றாம் கட்டம், வாழும் விதத்தையே மாற்றுவது. அதற்கும் பிறகு துத்தநாகம் குறைந்தால், துத்தநாகம் இல்லாமல் ஓடாத சில முக்கிய வேலைகளுக்குத் துத்தநாகம் தேவைப்படாத மாற்று ஆட்களை வைத்துக்கொள்கிறது. அரிசிச் சோற்றை விட்டுக் கேழ்வரகுக் கூழுக்கு மாறுவது போல.

அளவு மீறினால் இதற்கு நேர் எதிரான ஏற்பாடும் உண்டு. வேறொரு காவல் புரதம் விழித்துக்கொண்டு, அதிகமான துத்தநாகத்தை வெளியே தள்ளும் பம்பைத் தயாரிக்க வைக்கும். காரணம், துத்தநாகம் கூடினாலும் பாக்டீரியாவுக்கு விஷம்தான். 'கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது' என்ற கணக்கு மண்ணுக்குள் செல்லாது.

கோவையில் என்ன பார்த்தார்கள்?

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். துத்தநாகத்தைக் கரைக்கும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியே விடுகிறது. அந்த அமிலம் பக்கத்தில் கரையாமல் கிடக்கும் துத்தநாகத்தைக் கரைக்கிறது. கரைந்ததில் பாக்டீரியா தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் வேருக்குக் கிடைக்கிறது.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கிருத்திகா, டி. பாலச்சந்தர் இருவரும் இதை நெல் நாற்றில் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பாக்டீரியா என்டரோபாக்டர் குளோயகே என்ற இனத்தைச் சேர்ந்தது. நெல்லுக்கும் துத்தநாகத்தை உள்ளே இழுக்கும் கதவுகள் உண்டு. 'ஜிப்' மரபணுக்கள் என்பவை அந்தக் கதவுகளைத் தயாரிக்கும் குறிப்புகள். அந்த மரபணுக்கள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்று பார்த்தால் பயிரின் பசியைப் படித்துவிடலாம். அதைத்தான் அவர்கள் அளந்தார்கள்.

கரையாத துத்தநாக ஆக்ஸைடை மட்டும் கொடுத்தபோது ஜிப் மரபணுக்கள் அகலத் திறந்தன. சோறு எதிரே இருந்தும் எட்டாத பசி. அதோடு பாக்டீரியாவையும் சேர்த்தபோது அந்த மரபணுக்களின் வேகம் குறைந்தது. பயிர் பசியாறிவிட்டது என்று அர்த்தம். நாற்றில் சேர்ந்த துத்தநாகம், கரையும் ஜிங்க் சல்பேட் கொடுத்த நாற்றுக்கு ஈடாக இருந்தது. பாக்டீரியா வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சாட்சி இது.

அதே ஆய்வில் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடே கொடுக்காமல் பாக்டீரியாவை மட்டும் சேர்த்தபோது, அளந்த மூன்று ஜிப் மரபணுக்களில் இரண்டு மேலும் கூடத் திறந்தன. கரைக்க எதுவும் இல்லாத இடத்தில் பாக்டீரியா போனபோது பயிரின் தேடல் அடங்கவில்லை, கூடியது. இது ஆய்வகத்து நாற்றில் பார்த்தது. வயலில் இன்னும் பல விஷயங்கள் சேரும். ஆனாலும் பாடம் தெளிவு. கரைக்கிறவனுக்குக் கரைக்க ஏதாவது வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் பாக்டீரியா என் பயிரின் சத்தைத் திருடுகிறதா?' என்று பயப்பட வேண்டாம். அது எடுப்பது கொஞ்சம். செத்தால் அதுவும் மண்ணுக்கே திரும்பும். பிரச்னை திருட்டு அல்ல. வெறும் பானையில் அகப்பையைப் போட்டுக் கிளறுவதுதான் பிரச்னை.

நெல் ஏன் தேறவில்லை?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, சுண்ணாம்பு கலந்த மண். பாக்டீரியா விடும் அமிலத்தைச் சுண்ணாம்பு உடனுக்குடன் முறித்துவிடும். இரண்டு, தொழு உரம் போதாத வயல். பாக்டீரியா அமிலம் விட வேண்டுமானால் அதற்குத் தின்ன மக்கு வேண்டும். மேலே ஏலத்தோட்டத்தில் சருகு இருக்கிறது. கீழே வயலில் அது இல்லை. மூன்று, காலம் தவறியது. துருப்புள்ளி தெரிந்த பிறகு பாக்டீரியா ஊற்றுவது, காய்ச்சல் கண்ட பிறகு வீட்டில் முருங்கைக் குச்சி நடுவது போல. பலன் வரும், ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு உதவாது.

என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை மண் பரிசோதனை. மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி, தனித்தனியாக எடுங்கள். நுண்ணூட்டச் சத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பயிருக்குக் கிடைக்கும் துத்தநாகம் 1.2 பி.பி.எம்-க்குக் குறைவாக இருந்தால் தமிழ்நாட்டில் பற்றாக்குறை என்று கொள்கிறார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் ஆலோசனை கேட்கலாம். ஏலத்துக்கு மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

நெல்லில் குறை உறுதியானால், நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து கடைசி உழவுக்குப் பிறகு மேலாகத் தூவ வேண்டும். உழுது ஆழத்தில் புதைக்கக் கூடாது. நின்ற பயிரில் புள்ளி வந்துவிட்டால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா என்று கலந்து, 15 நாள் இடைவெளியில் அறிகுறி மறையும் வரை தெளிக்கலாம். வயலில் தண்ணீரை வடித்துக் காயவிட்டுப் பிறகு கட்டுவதும் உதவும்.

இந்த அளவை ஏலத்துக்குத் தெளித்துவிடாதீர்கள். ஏல இலைக்குச் சொல்லப்படுவது இதைவிட மிகவும் நீர்த்த கரைசல். அளவை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஏலத்தோட்டத்தில் சுண்ணாம்பு போடுகிறவர்களும் மண் பரிசோதனைச் சொல்படிதான் போட வேண்டும். அளவு மீறினால் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்த துத்தநாகத்தை நாமே பூட்டியதாகிவிடும்.

பாக்டீரியாவைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு உரிய இடம் உண்டு. மண்ணில் துத்தநாகம் இருந்து கரையாமல் கிடந்தால், நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, பயிர் வைக்கும்போதே இடுங்கள். வாங்கும்போது காலாவதி தேதியையும் உயிருள்ள பாக்டீரியா எண்ணிக்கையையும் பாருங்கள். அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி திரவமாக இருந்தால் ஒரு மில்லி லிட்டரில் குறைந்தது 10 கோடி, தூளாக இருந்தால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி இருக்க வேண்டும். வெயில் படும் கூரைக்குக் கீழே கிடந்த பாட்டில் என்றால், எண்ணிக்கை அட்டையில் மட்டும்தான் இருக்கும்.

இதையொட்டி வரும் மற்ற கேள்விகள்

ஜிங்க் சல்பேட்டையும் பாக்டீரியாவையும் ஒரே டேங்கில் கலக்கலாமா?

கூடாது. கரைசலில் இருக்கும் செறிவான துத்தநாகம் பாக்டீரியாவைக் கொல்லும். மருந்து தெளிக்கும் டேங்கில் தாமிர மருந்தின் மிச்சம் இருந்தாலும் அதே கதிதான். இரண்டுக்கும் இடையே பத்துப் பதினைந்து நாள் விடுங்கள். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் ஆகியவற்றுடனும் ஜிங்க் சல்பேட்டைக் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும்.

ஏலத்துக்கு சூடோமோனாஸ் ஊற்றுகிறோம். அதற்கும் துத்தநாகம் வேண்டுமா?

வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் டஃபி, டெஃபாகோ என்ற இருவர் தக்காளியில் வேரழுகலை உண்டாக்கும் பியூசேரியம் பூஞ்சணத்தை வைத்துச் சோதித்து 1997-ல் வெளியிட்டார்கள். அந்தப் பூஞ்சணம் ஓர் அமிலத்தை விட்டு, சூடோமோனாஸ் தன் ஆயுதமான எதிர்ப்பொருளைத் தயாரிக்க முடியாமல் செய்துவிடுகிறது. துத்தநாகம் சேர்த்தபோது பூஞ்சணத்தால் அந்த அமிலத்தைத் தயாரிக்க முடியவில்லை. சூடோமோனாஸின் பாதுகாப்பு மேம்பட்டது. அது மண்ணில்லாத சாகுபடியில் செய்த சோதனை. ஆகவே இதைக் கேட்டுவிட்டு ஏலத்துக்கு அள்ளிப் போட வேண்டாம். குறை இருந்தால் நிவர்த்தி செய்தால் போதும்.

மேன்கோசெப் தெளிக்கிறோம். அதில் துத்தநாகம் இருக்கிறதாமே?

உண்மைதான். அந்த மருந்திலேயே மாங்கனீசும் கொஞ்சம் துத்தநாகமும் இருக்கின்றன. ஆனால் அதை உரமாக நினைத்துத் தெளிக்கக் கூடாது. மருந்து நோய்க்கு மட்டும்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆஸ்பத்திரியில் ஜிங்க் மாத்திரை தருகிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒரே துத்தநாகம்தான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-ல் பரிந்துரைத்தபடி, உப்பு-சர்க்கரைக் கரைசலோடு சேர்த்து 14 நாள் தருகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தினம் 20 மில்லி கிராம், அதற்குக் குறைந்த கைக்குழந்தைக்கு 10 மில்லி கிராம். வயிற்றுப்போக்கு இரண்டு நாளில் நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். நம் உடம்பும் கிருமியோடு சண்டையிடும்போது துத்தநாகத்தைக் கட்டி வைத்துக் கிருமியைப் பட்டினி போடுகிறது. கிருமியின் ஸூர் அதற்கு எதிராகப் பம்பைத் திறக்கிறது. வயலில் நடக்கும் அதே இழுபறி பிள்ளையின் வயிற்றிலும் நடக்கிறது.

கேள்வி கேட்ட நண்பருக்குக் கடைசியாக ஒன்று. அடுத்த நடவுக்கு இன்னும் நாள் இருக்கும். இந்த முறை உரக்கடைக்குப் போகும் முன் ஒரு மண்வெட்டியையும் இரண்டு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போங்கள். கீழ் மண் ஒரு பையில், மேல் மண் ஒரு பையில். பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். பாட்டில் வேண்டுமா, சல்பேட் வேண்டுமா, இரண்டும் வேண்டாமா என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.